கமலாவதி அக்காவின் கற்கண்டு

1987 ஆடி மாதம் இந்தியாவும் இலங்கையும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டன. வடக்கையும் கிழக்கையும் ஒன்றாக்குவார்களாம். போர் முடிந்ததாம். திருகோணமலையில் கணவனையும் கடையையும் ஒரே நாளில் நெருப்புக்குக் கொடுத்துவிட்டு, கனடாவில் மொன்றியலுக்கு வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்த கமலாவதி அக்கா அதை அப்படியே நம்பினார். ஜான்-டலோன் சந்தையில் நாங்கள் இருவரும் ஒரே கடையில் அழுகிய மிளகாய் பொறுக்குகிறவர்கள். மறுநாள் அங்கே எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். ஒரு பத்திரிகைக்காரன் அவரைப் படம் எடுத்து, என்ன விசேஷம் என்று கேட்டான்.

"தம்பி, இனி ஊரிலை பயமில்லையெண்டு சொல்லு."

பிரெஞ்சு தெரிந்தவன் நான்தான். சொன்னேன்.

படம் பெரிதாக வந்தது. கீழே இருந்த எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்தார்.

புரட்டாதியில் அகதி விசாரணை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தத் துண்டை உரித்துக் கொண்டுபோய், அதிகாரியிடம் தானே நீட்டியிருக்கிறார்.

"பேப்பரிலை வந்த ஆளெண்டு தெரியட்டும். வாசிச்சுப்போட்டு மனுசன் சிரிச்சவர், தம்பி!"

நான் அடுத்த மிளகாய்க் கூடையை இழுத்துப் பொறுக்கத் தொடங்கினேன்.

ஐப்பசியில், அமைதி காக்கப் போன இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் ஷெல் அடித்துக்கொண்டிருந்த கிழமை, கடிதம் வந்தது. ஊரில் பயமில்லை என்று விண்ணப்பதாரரே கூறியிருப்பதால் நிராகரிக்கிறோம் என்று எழுதியிருந்தது.

அதையும் என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவந்தார். மற்றக் கையில் கற்கண்டுப் பை.