நீலச் சிப்பி விழுந்த வியாழக்கிழமை

என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளிவிட்டு வந்ததும் அவனுக்கு அரை மணி நேரம் போன் கொடுப்பதா வேண்டாமா என்று நான் தினமும் யோசிக்கிறேன், தினமும் கொடுத்துவிடுகிறேன். போன வாரம் அவன் சமையலறைக்கு ஓடிவந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் ஒரு பெட்டி மின்னிக்கொண்டிருந்தது. தொட்டால் திறக்குமாம். பெரும்பாலும் உள்ளே உருப்படியாக எதுவும் இருக்காதாம். எப்போதாவது, யாருக்காவது, ஒரு பறக்கும் குதிரை வருமாம்.

"நீ அழுத்தும்மா. உன் கை ராசியான கையாமே."

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அது கடலூர் முதல் சிதம்பரம் வரை எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி, மாட்டேன் என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பையன் ஒரு அடி பின்னால் போனான்.

இந்தக் கைராசி எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். கடலூரில் எங்கள் தெருவில் யார் போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். கடல் அத்தனை பக்கம். எனக்கு நான்கு வயதானபோது அப்பா போர் போட ஆட்களைக் கூட்டிவந்தார். எங்கே துளைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்ததால், கடைசியில் என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து உருட்டிவிடச் சொன்னார்கள். பழம் போய் முருங்கை மரத்தடியில் நின்றது. அங்கே துளைத்தார்கள். நல்ல தண்ணீர் வந்தது. அடுத்த மாதம் பக்கத்து வீட்டிலும் நல்ல தண்ணீர் வந்தது. அவர்கள் எந்தப் பழத்தையும் உருட்டவில்லை. ஆனால் அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அத்தையின் தையல் கடையில் முதல் துணி என் கையிலிருந்து போனது. பெரியப்பாவின் புது வண்டிச் சாவி என் கையிலிருந்து போனது. நான் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் நானும் அம்மாவும் சிதம்பரத்தில் அம்மாவின் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே அம்மாவின் தங்கையும் தம்பியும் இருந்தார்கள். சித்தி அரசாங்க வேலைக்கான தேர்வை மூன்றாவது முறையாக எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தாள். இந்த முறையும் வரவில்லையென்றால் வீட்டில் சொல்லும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். மாமா பொறியியல் படித்து, இரண்டு தாள்களைப் பாக்கி வைத்து, வேலை தேடுவதாகச் சொல்லித் தினமும் காலையில் மேல வீதிப் பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலை தேடியதும் உண்மைதான். அதற்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. மீதி நேரமெல்லாம் ஆன்லைன் விளையாட்டு.

அந்த விளையாட்டில் மாமா ஒரு வீரன். முதுகில் பச்சை நிறத்தில் ஒளிவிடும் ஒரு வாள் இருக்கும். ஒரு மலைப் பாம்பைத் தனியாளாக நின்று கொன்று அதை வாங்கியிருந்தார். பாம்பு எப்போது தலையைத் தூக்கும், எப்போது வாலைச் சுழற்றும் என்று நோட்டில் படம் போட்டுப் பழகி, இருபது முறை செத்து, இருபத்தொன்றாவது முறை ஜெயித்தாராம். அந்த நோட்டை நானே பார்த்திருக்கிறேன். முன்பக்கம் ஏதோ பொறியியல் பாடம், பின்பக்கம் முழுவதும் பாம்பு.

அவருக்கு அடுத்து வேண்டியிருந்தது ஒரு நீலச் சிப்பி. அதற்குப் பாம்பு மாதிரி பெரிய எதிரி யாரும் இல்லை. ஒரு சதுப்பு நிலத்தில் தவளைகள் உட்கார்ந்திருக்கும். ஆறு அடி அடித்தால் செத்துவிடும். செத்த இடத்தில் ஏதாவது விழும். பெரும்பாலும் சளி போலப் பச்சையாக ஒரு கோழை. எப்போதாவது சிப்பி. ஆயிரம் தவளைக்கு ஒன்றா, பத்தாயிரத்துக்கு ஒன்றா என்று யாருக்கும் தெரியாது. மாமா இரண்டு மாதமாகத் தவளை அடித்துக்கொண்டிருந்தார். அந்த விளையாட்டிலேயே ஊர் பேர் தெரியாத ஒருவன், வாளைக் கொடு, சிப்பியைத் தருகிறேன் என்று கேட்டதற்கு முடியாது என்று சொல்லிவிட்டார்.

"வாளு நான் சண்ட போட்டு வாங்குனது பாப்பா. சிப்பி சும்மா விழுறது. ரெண்டும் ஒண்ணா?"

சென்டர் வைத்திருந்தவரை எல்லோரும் பாய் என்பார்கள். பரங்கிப்பேட்டைக்காரர். துபாயில் சில வருடம் இருந்துவிட்டு வந்து போட்ட கடை. மாமாவைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

"லாட்டரி சீட்ட கவர்மெண்டே நிறுத்திடுச்சு. நீ என்னடான்னா என் கடையில வந்து ஒக்காந்து சொரண்டிக்கிட்டு இருக்க."

"இது சேலஞ்சு பாய். பொறும வேணும்."

"அந்தத் தவளைக்கி இருக்குற பொறும கூட ஒனக்குக் கெடையாது. சேலஞ்சுன்னா தோத்தா ஏன் தோத்தோம்னு தெரியணும் தம்பி. பாம்புகிட்ட தோத்தப்ப தெரிஞ்சிச்சு, நோட்டு போட்ட. தவளைக்கி இன்னாத்த நோட்டு போடுவ?"

மாமா அடுத்த தவளையை அடிக்கப் போனார். அவரும் எங்கள் குடும்பத்துக்காரர்தானே. மறுநாள் திங்கட்கிழமை காலை, என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்று காலை முழுவதும் தவளை அடித்தேன். கோழை, கோழை, கோழை. மாமா தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டுப் போனேன். அன்றும் கோழை. புதன்கிழமை அந்தக் கையை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று முடிவு செய்து, இட்லியை இடது கையால் ஸ்பூனில் சாப்பிட்டேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அன்றும் கோழைதான்.

அந்தப் புதன்கிழமைதான் சித்தியின் தேர்வு முடிவு வெள்ளிக்கிழமை வரும் என்று தெரிந்தது. முடிவை இன்டர்நெட்டில் பார்க்க வேண்டும். பதிவு எண்ணை யார் அடிப்பது என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. அம்மா என் கையைப் பிடித்துச் சித்தியின் கையில் வைத்தாள்.

"இவ அடிச்சா கண்டிப்பா வரும்டி. பாத்துக்கிட்டே இரு."

மூன்று நாளாக ஒரு தவளை கூட என் கைக்கு மசியவில்லை என்பது இவர்களுக்குத் தெரியாது. ராசி போய்விட்டது, போன கையோடு எண்ணை அடித்தால் சித்தியின் வேலையும் போய்விடும். கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது. நான் அடிக்க மாட்டேன் என்றேன்.

"நீ வேற கால வாரி வுடாதடி. மூணாவது வாட்டிடி இது" என்று சித்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

கொல்லைக் குழாயடியில் போய் நின்று அழுதேன். சைக்கிளைக் கழுவ வந்த மாமா பார்த்துவிட்டார். திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. வெகு நேரம் சைக்கிள் சக்கரத்தைச் சும்மா சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நாளைக்கி ஒரே ஒரு வாட்டி வா" என்றார்.

வியாழக்கிழமை நான் அதே மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். மாமா என் பின்னால் நின்றார். வழக்கமாகக் கல்லாவில் இருக்கும் பாய் அன்று பின்வரிசைக் கம்ப்யூட்டர் ஒன்றில், தடுப்புப் பலகைக்குப் பின்னால், மும்முரமாக ஏதோ செய்துகொண்டிருந்தார். சதுப்பு நிலத்தில் மரத்தோரம் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெண் உருவம் நின்றிருந்தது. அங்கே யாராவது வருவதும் போவதும் சகஜம்தான். நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு தவளை. இரண்டு. ஏழாவது தவளை செத்து விழுந்தபோது, கோழைக்குச் சற்று இடது பக்கமாக, நீலமாக ஒன்று மின்னியது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கேபினில் ரெஸ்யூம் அடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து எட்டிப் பார்த்தார். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். திரும்பி உட்கார்ந்தபோது சிவப்புத் தொப்பிக்காரி அங்கே இல்லை. எங்கள் வீரன் சிப்பியோடு நின்றுகொண்டிருந்தான். அவன் முதுகு எப்போதும் போல இல்லை, என்னவோ குறைந்தது. அதைப் பார்த்தேன், நன்றாக நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சென்டரில் கூட்டம். சித்தி இஸ்திரி போட்ட சேலையில் வந்திருந்தாள். பாய் எங்களுக்கு முதல் இடம் ஒதுக்கினார். நான் எண்களை ஒவ்வொன்றாக அடித்தேன். நேற்றுச் சிப்பி எடுத்த கை.

சித்தியின் எண் இல்லை. மறுபடி அடித்தேன். இல்லை. மூன்றாவது முறை சித்தியே அடித்துப் பார்த்தாள்.

"பதினஞ்சு கணக்க தொடாமயே வுட்டுட்டு வந்தேன். எனக்கே தெரியும்" என்று அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். அது என் காதில் விழுந்தது, அதற்கு மேல் உள்ளே போகவில்லை. எனக்குள் அப்போது வேறொரு கணக்கு முடிந்திருந்தது. கையில் இருந்தது ஒரே ஒரு ராசி. அதை வியாழக்கிழமை ஒரு தவளைக்குச் செலவழித்துவிட்டேன்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்பா, நேத்து வந்து..." என்று ஆரம்பித்தார். சித்தி, போலாம் வா என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அவரும் அதோடு விட்டுவிட்டார். வழியில் சித்தி எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை.

சித்திக்கு அந்த ஆண்டே கல்யாணம் ஆனது. அதற்கடுத்த முறை கைக்குழந்தையோடு போய்த் தேர்வெழுதித் தேறினாள். இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் இருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமைக் கதையை அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். நான்தான் சிரிப்பதில்லை. அன்று முதல் கையில் இருப்பதைச் சேமித்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. பள்ளியில் சீட்டுக் குலுக்கினால் வேறு யாரையாவது எடுக்கச் சொல்வேன். துணிக்கடையில் பரிசுக் கூப்பன் கொடுத்தால் எழுதாமலேயே கசக்கிவிடுவேன். அற்பத்துக்குச் செலவாகிவிட்டால், பெரிதாக ஒன்று வரும்போது கை காலியாக இருக்குமே. மகன் பிறந்து, நல்லபடியாக அழுத சத்தம் கேட்டபோது, இதற்காகத்தான் சேர்த்து வைத்தேன் என்று நினைத்தேன். அவன் பிறந்த பிறகு இன்னும் கெட்டியாகச் சேமிக்கிறேன். படித்தவள்தான். இதில் அர்த்தமில்லை என்று தெரியும். தெரிந்து என்ன செய்வது?

போன வாரம் நான் மாட்டேன் என்றதும் மகன் தானே பெட்டியைத் திறந்தான். குதிரை வரவில்லை. அவன் அழவில்லை.

"பரவால்லம்மா. என் ஃபிரெண்டுகிட்ட ரெண்டு இருக்கு. அவன் ஒண்ண கீழ போட்டான்னா நான் எடுத்துப்பேன்."

கீழே போடுவதா என்று கேட்டேன். ஆமாம், நம்மிடம் இருப்பதைத் தரையில் போட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றான்.

"எடுக்குறவங்களுக்கு அது யாரு போட்டதுன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா. அதுவா வுழுந்த மாதிரிதான் இருக்கும்."

அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கோழைக்குச் சற்று இடது பக்கமாக விழுந்த சிப்பி. மரத்தோரம் சிவப்புத் தொப்பி. தடுப்புப் பலகைக்குப் பின்னால் மும்முரமாக இருந்த பாய். இத்தனை வருடம் இவை மூன்றும் என்னிடமே இருந்தன, ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் கை அன்று எதையும் செலவழிக்கவில்லை. செலவழித்தது வேறொருவர்.

மாமாவிடம் இன்னும் கேட்கவில்லை. போனை எடுக்கிறேன், வைத்துவிடுகிறேன். எனக்கு நல்லது செய்தாரா, கெடுதல் செய்தாரா என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் பேசலாம் என்று பார்க்கிறேன். அந்த முடிவு தினமும் மாறுகிறது.

மாறாமல் நிற்பது அந்த வியாழக்கிழமை சென்டரை விட்டுக் கிளம்பிய நேரம்தான். மாமா சைக்கிளை எடுத்தார். பாய் வாசல் வரை வந்து நின்றார். வீரன் முதுகில் குறைந்தது எதுவென்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. பச்சை வாள் எங்கே மாமா என்று கேட்டேன்.

"ரொம்பக் கனமா இருந்திச்சு பாப்பா. எறக்கி வெச்சுட்டேன்" என்றார்.

எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது; சிப்பிக்குப் பதிலாக அந்த வாளைக் கேட்டவன் ஒருவன் இருந்தது அன்று நினைவுக்கு வரவில்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சிப்பி எடுத்த கையால் அவர் முதுகில் தட்டினேன்.

"இனிமே ஒனக்கு வாளு எதுக்கு மாமா? என் கைதான் இருக்குதே!"

மாமா பெரிதாகச் சிரித்தார். எப்போதும் அவரைச் சீண்டும் பாய் மட்டும் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.