மர ஆட்டோடு பஸ் ஏறினேன்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு ஒரு மெயில் வந்தது.

'தங்கள் படைப்பு செயற்கை நுண்ணறிவின் மூலம் உருவாக்கப்பட்டதாகத் தெரிவதால் போட்டிக்கு ஏற்க இயலவில்லை.'

மூன்று முறை படித்தேன். பிறகு என் கைகளைப் பார்த்தேன். இடது கட்டைவிரலில் உளி கிழித்த தழும்பு. வலது உள்ளங்கையில் இரண்டு காய்ப்பு. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் நகத்தடியில் மரத்தூள்... செயற்கையாம்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். ராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கல் ஊர்ப் பக்கத்தில் மிளகாய்க் காடு வைத்திருக்கிற ஒருவரின் மனைவி. எழுதுவேன், சமைப்பேன், ஆடுகளோடு சண்டை போடுவேன். ஆனால் ஒரு வருடத்துக்கும் மேலாக மரம் செதுக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். ஐம்பது வயதில் உளியைப் பிடித்தேன் என்று எழுதினால் சிரிக்க மாட்டீர்களா?

ஆரம்பித்து வைத்தவள் என் மகள் கயல். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் எனக்கு ஒரு கட்டுரையை அனுப்பி, "இது எப்பம்மா எழுதுன?" என்று கேட்டாள். படித்தேன். என் மாதிரியே குட்டிக் குட்டி வாக்கியம். என் மாதிரியே நடுவில் ஒரு கேள்வி. மழை வராத ஒரு ஐப்பசியைப் பற்றி. எப்போதோ எழுதி மறந்திருப்பேன் என்று நினைத்து, "ரெண்டு வருசம் இருக்கும்" என்றேன்.

"இல்லம்மா. ஏஐ எழுதுச்சு. இப்பத்தான். ஒரு நிமிசத்துல."

அவள் விளையாட்டுக்குத்தான் செய்தாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. இருபது வருடமாக எழுதுகிறேன். என் எழுத்து எது என்று எனக்கே தெரியவில்லையே...

அந்த வாரம் எங்கள் காட்டு ஓரத்தில் இருந்த சீமைக்கருவேல மரங்களை ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் திட்டுகிற மரம். வெட்டினால் நேராகக் கரிமூட்டத்துக்குப் போகும். அதில் ஒரு பழைய அடிமரத் தூர், நான் கட்டிப் பிடித்தால் கை எட்டாத அளவுக்கு. உடைந்த இடத்தில் உள்ளே நல்ல செம்மண் நிறம். மெஷினால் ஒரு நிமிடத்தில் முடியாத ஒன்றை என் கையால் செய்ய வேண்டும் போலிருந்தது. லாரியில் ஏற்றப் போனபோது, "அந்த ஒண்ண மட்டும் விட்டுட்டுப் போங்க" என்றேன்.

"எதுக்கும்மா?" என்றார் டிரைவர்.

"ஆடு செய்யணும்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார்.

உடனே ஆடு வந்துவிடவில்லை. முதலில் வேப்பங்கட்டையில் ஒரு கிண்ணம் செய்தேன். இரண்டாகப் பிளந்துவிட்டது. அடுத்து ஒரு கிளி. வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோழி நல்லாருக்கு" என்றார். ஊரில் கதவு, ஜன்னல் செய்கிற கருப்பையாவிடம் போய் உளியைத் தீட்டி வாங்கினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நான் செதுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, நீங்க மரத்தோட சண்டை போடுறீக. அது எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் உளிய விடுங்க. நம்ம பக்கம் வராது அது."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. மீதியெல்லாம் போனில் பார்த்த வீடியோக்கள்.

தூரில் கைவைத்தது அதற்கப்புறம். தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்து, ஆட்டுக் கொட்டில் பக்கத்து வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம். செவலை எதிரே படுத்து அசை போடும். செவலை எங்கள் வெள்ளாடு. ஒரு பிடி சீமைக்கருவேலங்காய் போட்டால் போதும், அசையாமல் இருக்கும். எந்த மரத்தின் காயைத் தின்கிறதோ அதே மரத்தில் தன்னைச் செதுக்குகிறார்கள் என்று அதற்கு என்ன தெரியும்?

சீமைக்கருவேலம் லேசான மரம் இல்லை. முதல் மாதம் முழுக்க ஓரங்களைத்தான் உடைத்தேன். தோள் விட்டுப்போனது. ஆனால் ஒன்று கவனித்தேன். எழுதும்போது ஒரு வரி சரியில்லை என்றால் அழித்துவிடலாம். இங்கே எடுத்த சில்லைத் திரும்ப வைக்க முடியாது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு மணி நேரம் போன் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இப்படி ஒரு நிம்மதியைக் கல்யாணத்துக்கு அப்புறம் நான் அனுபவித்ததில்லை.

மூன்றாவது மாதம், பின்னங்காலுக்கு அடியில் உளி வழுக்கி ஒரு பெரிய சில்லு தெறித்து விழுந்தது. உட்கார்ந்து அழுதேன். மறைப்பானேன், அழுதேன். கருப்பையா வந்து பார்த்து, மரத்தூளைப் பசையில் குழைத்து அப்பச் சொன்னார்.

"அடியிலதானக்கா. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

ஐந்தாவது மாதக் கடைசியில் ஆடு எழுந்தது. அதாவது, படுத்தது. கால்களை மடக்கி, கழுத்தை லேசாகத் திருப்பி, அசை போடுகிற வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு... அசல் செவலை. அதன் வலது காதைக் கருவேல முள் எப்போதோ கிழித்துவிட்டது, பாதிதான் இருக்கும். அதையும் அப்படியே செதுக்கினேன். எண்ணெய் தடவியதும் மரம் செவலையின் நிறத்துக்கே வந்துவிட்டது.

ராமநாதபுரத்தில் ஒரு கலை அமைப்பு கண்காட்சியும் போட்டியும் வைக்கிறது என்று கயல்தான் கண்டுபிடித்தாள். ஊருக்கு வந்திருந்தபோது போட்டோ எடுத்து அனுப்பிவைத்தாள். அதற்கு வந்த பதில்தான் அந்த மெயில்.

கீழே காரணமும் போட்டிருந்தார்கள். பின்னணி இயற்கையாக இல்லையாம். காதுகள் இரண்டும் ஒரே அளவில் இல்லையாம். இது செயற்கை நுண்ணறிவுப் படங்களில் வழக்கமாக வருகிற பிழையாம்.

கயலுக்குப் போன் போட்டேன். "பின்னணியில என்னடி பண்ணுன?"

"அப்பா கைலி கொடியில தொங்குச்சும்மா. அசிங்கமா இருக்குன்னு அதை மட்டும் போன்ல அழிச்சேன்..."

ஒரு கைலியை அழித்ததில் என் ஐந்து மாத உழைப்பும் சேர்ந்து அழிந்துபோனது.

அமைப்புக்குப் போன் செய்தேன். ஒருங்கிணைப்பாளர் ஒரு இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினார்.

"சாஃப்ட்வேர் அப்படித்தான் காட்டுது மேடம்."

"செதுக்கும்போது எடுத்த வீடியோ இருக்கு. அனுப்பவா?"

"வீடியோவும் இப்ப ஏஐ-ல பண்ணிடுறாங்களே மேடம்."

"அப்ப நான் என்னதான் பண்ணணும்?"

அவர் யோசித்தார். "நாளைக்கு மத்தியானம் நடுவர்கள் ஃபைனல் லிஸ்ட்ல கையெழுத்துப் போடுறாங்க. அதுக்கு முன்னாடி நேர்ல கொண்டு வந்தீங்கன்னா..." வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் வரமாட்டேன் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் எங்கள் காட்டில் மிளகாய்ப் பழம் எடுப்பு. ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் நகர முடியாது. என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார். இருபது கிலோவுக்குக் குறையாது.

"தூக்கிட்டா போகப்போற?"

"தூக்கிட்டுத்தான் போறேன்."

வீட்டுக்காரர் என் பழைய சேலையில் ஆட்டைச் சுற்றி, பைக்கில் நடுவில் வைத்து, பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, பஸ் வரும்வரை நின்றார். பழம் எடுப்பு நாளில் அவர் காட்டைவிட்டு வெளியே நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஸ்ஸில் ஏறினேன். சேலை நழுவி ஆட்டின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தினார்.

"ஆடெல்லாம் ஏத்தக்கூடாதும்மா. எறங்குங்க."

"இது மரம்ங்க."

"காலைல நான்தான் கெடச்சேனா? எறங்குங்கம்மா."

பக்கத்து சீட்டில் கீரைக்கட்டோடு இருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "மயக்க ஊசி போட்டுக் கொண்டு போறீகளா? பாவம், அசையவே மாட்டேங்குது" என்றார்.

கண்டக்டர் கிட்டே வந்தார். நெற்றியில் விரலால் தட்டினார். டக் டக் என்றது. இன்னொரு தடவை தட்டினார். கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான்."

"நீங்களா?"

"நான்தாங்க."

விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் எடுத்துவிட்டு, "முன்சீட்டு காலி பண்ணுங்கப்பா, ஆட்டுக்காரம்மா உக்காரட்டும்" என்றார். ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை அந்த ஆட்டைத் தொடாதவர்கள் பஸ்ஸில் யாரும் இல்லை. மெயிலை நினைத்துக் கலங்கிக்கொண்டு ஏறியவள், இறங்கும்போது நிமிர்ந்து இறங்கினேன். சாஃப்ட்வேர் பொய் என்றதை ஒரு பஸ்ஸே உயிருள்ள ஆடு என்று நம்பியிருக்கிறது. இதைவிட ஒரு நடுவர் குழு வேண்டுமா?

வேண்டியிருந்தது. அது மாடியில் இருந்தது. ஆட்டோக்காரர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து மேலே ஏற்றினோம். வாசலில் அந்த ஒருங்கிணைப்பாளர் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கையில் இருந்த பேனாவை மூடக்கூட இல்லை.

தலைமை நடுவர் ஒரு ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். அதிகம் பேசாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆட்டைச் சுற்றி வந்தார்.

"காது ரெண்டும் ஒண்ணுபோல இல்லையே?"

"எங்க ஆட்டுக்கே அப்படித்தான் சார். முள்ளு கிழிச்சது."

நம்பினாரா என்று தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டேன். "ஏங்க, செவலையக் காட்டுங்க." எதற்கு என்று கேட்கவில்லை. காட்டிலிருந்து கொட்டிலுக்கு நடந்தார். முதலில் மிளகாய், பிறகு அவருடைய கால், பிறகு வேலி, கடைசியில் செவலை. கிழிந்த காதை ஆட்டிக்கொண்டு நேராக வந்து போனை முகர்ந்தது. திரை முழுக்க மூக்கு.

நடுவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "சரி, போதும்" என்றார். அதோடு விடவில்லை. "திருப்பிப் படுக்க வைங்க. அடியப் பாக்கணும்."

அடியில்தான் அந்த ஒட்டு இருந்தது. திருப்பினோம். உப்புத்தாள் படாத கரடுமுரடான உளித் தடங்கள். அவர் விரல் அவற்றின் மேல் மெதுவாக நகர்ந்து, சரியாக அந்த இடத்தில் போய் நின்றது.

"இங்கன என்னாச்சு?"

"உளி வழுக்கிருச்சு சார். மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சேன்."

"அழுதீங்களா?"

"...ஆமா சார்."

அவர் நிமிர்ந்தார். "மிஷினும் தப்புப் பண்ணும். ஆனா தப்புப் பண்ணிட்டோமேன்னு அழுது, அதை ஒட்டி மறைக்காது." ஒருங்கிணைப்பாளர் பக்கம் திரும்பினார். "இவங்க பேரை எழுதும்மா. நிராகரிச்சது நம்ம தப்பு."

குனிந்து ஆட்டை நிமிர்த்தி வைத்தேன். அவரை நிமிர்ந்து பார்த்திருந்தால் மறுபடி அழுதிருப்பேன்.

முன்பெல்லாம் பொய்யை நிஜம் என்று நம்பி ஏமாந்தோம். இப்போது நிஜத்தைப் பார்த்தால் பொய்யோ என்று கண்ணைச் சுருக்குகிறோம். எது பெரிய நஷ்டம்? என்னைப் போலவே எழுதிய அந்த மெஷின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது இல்லாவிட்டால் நான் உளியையே தொட்டிருக்க மாட்டேன். ஆனால் ஒன்று புரிந்தது. ஒரு வேலையை நாமே செய்திருந்தால் அதைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நம்மிடம் பதில் இருக்கிறது. காது ஏன் குட்டை, ஒட்டு ஏன் வந்தது, எந்த நாளில் கை வலித்தது... எல்லாவற்றுக்கும்.

கண்காட்சியில் எல்லாப் பொருள்கள் பக்கத்திலும் 'தொடாதீர்கள்' என்று அட்டை. என் ஆட்டுக்கு மட்டும் நடுவரே தன் கையெழுத்தில் 'தொட்டுப் பாருங்கள்' என்று எழுதி வாசலிலேயே வைத்தார். மூன்று நாளில் உள்ளங்கைகள் பட்டுப் பட்டு ஆட்டின் நெற்றி பளபளவென்று ஆகிவிட்டது. யாரோ அதன் வாய்க்கு நேரே அகத்திக்கீரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கடைசி நாளில் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மரச்சிற்பத்துக்கான முதல் பரிசு என்று என் பெயரைப் படித்தபோது நான் கை தட்ட மறந்து உட்கார்ந்திருந்தேன். நடுவர் மைக்கில், "இந்தப் படைப்பைப் பொய் என்று சொல்லி அனுப்பினோம். எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவிக்கிறேன்" என்றார். கூட்டம் தட்டியது. மேடையிலிருந்து இறங்கி வந்தால் வீட்டுக்காரர் வாசலில் நின்று, முன்பின் தெரியாத நாலு பேரிடம் விளக்கிக்கொண்டிருக்கிறார்.

"வாய் கோணியிருக்கு பாருங்க, அசை போடுது. அத அந்த மரத்துல கொண்டு வாரது லேசு இல்ல. எங்க வீட்டுலதான் செஞ்சது."

செஞ்சது யார் என்று ஒருவர் கேட்டார். திரும்பி என்னைக் கை காட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை, பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட நான் பார்க்காதது.

போன வாரம் அந்த ஒருங்கிணைப்பாளர் பெண் போன் செய்தார். அடுத்த வருடப் போட்டிக்கு விதியை மாற்றிவிட்டார்களாம். இனி போட்டோ அனுப்பினால் போதாது, எவ்வளவு கனமாக இருந்தாலும் படைப்பை நேரில் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

கல்லில் யானை செதுக்கிக்கொண்டிருக்கும் அன்பர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து என்னை மன்னித்துவிடுங்கள்.