பாகூரா, புட்டியா

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாட்டுவண்டி ஓட்டி, லாரியில் கிளீனராக இருந்து, பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரை விட்டுப் போன கொஞ்ச நாளிலேயே சொந்தமாக வாடகைக் கார் வாங்கினேன். யாரும் கை கொடுக்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு சைகோனிலிருந்து திரும்பிய ஒருவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா, ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மனைவியோடு கிராமங்களை நிதானமாகப் பார்த்துக்கொண்டே பாகூர் ஏரிவரை போக வேண்டும், மரத்தடியில் சாப்பிட வேண்டும். அந்த அம்மா பிறந்த ஊர் பாகூர். எங்கெங்கே நிறுத்துவது என்று பேசி முடித்ததும், அவர் ஒயின் புட்டி ஒன்றை மேசையில் வைத்தார்.

"இத ஏத்த முடியாது, முசியே."

"ஏம்ப்பா?"

"பாகூரு நம்ம மண்ணுதான், ஆனா நடுவுல ரெட்டிச்சாவடி. அது மெட்ராஸ் மண்ணு, மதுவிலக்கு. புடிச்சா உங்களுக்குக் கோர்ட்டு, எனக்குக் காரு போயிடும்."

"சுங்கச்சாவடியத்தான் எடுத்துட்டாங்களே. இப்ப எல்லாம் ஒரே நாடு. நீ எந்தக் காலத்துல இருக்க?"

ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். அந்த வாரம்தான் இன்னொரு டிரைவரின் காரைப் புட்டியோடு பிடித்துக் காவல் நிலைய வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

"சீட்டுக்கு அடியில வெச்சா யாருக்குத் தெரியும்?"

"அங்கதான் மொதல்ல பாப்பான்."

"பயந்தாங்கொள்ளிக்கு எதுக்குக் காரு? நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

எனக்குக் காது சூடேறியது. அந்தத் தெரு முழுக்கச் சொல்தாக்கள். இவர் ஒரு வார்த்தை கெடுத்துச் சொன்னால் என்னை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். ஆனாலும் எழுந்துவிட்டேன். வாசற்படியில் இருந்தபோது அந்த அம்மாவின் குரல் தடுத்தது.

"நில்லுப்பா." பிறகு கணவரிடம், "ஏங்க, ஏரியப் பாக்கப் போறமா, குடிக்கப் போறமா? ஜெயிலப் பாக்கணும்னா நீங்க மட்டும் பஸ்ல போங்க," என்றார்.

அவர் சிரிக்கவில்லை. நான்தான் சொன்னேன்: "புட்டி வேணும்னா ஊசுட்டேரி போவோம், முசியே. வில்லியனூர் வழியா நம்ம மண்ணுலயே போயிட்டு வந்துடலாம். பாகூர்னா புட்டி வீட்டுல இருக்கட்டும். ஒண்ணு சொல்லுங்க."

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல், "ஊசுட்டேரி," என்றார்.

மறுநாள் காலையில் சாப்பாட்டுக் கூடை வந்தது, புட்டி வந்தது, அவர் வந்தார். அந்த அம்மா வரவில்லை. ஏரிக்கரையில் அவர் புட்டியைத் திறக்கவே இல்லை.