தும்பிக்குத் தடவிய சுட்ட எண்ணெய்

என் அப்பா கங்காதரனுக்கு நேர் இளையவள் மணியம்மை, எனக்கு அத்தை. தாய்மாமன் மகன் துளசிங்கத்துக்கே அவளைக் கொடுத்தார்கள். திருத்தணி மலை கண்ணுக்கு நேரே தெரிகிற தூரத்தில், வேதாசலம் என்பவருடைய கிணற்று நிலத்தை வாரத்துக்கு வாங்கி இருவரும் பயிர் செய்தார்கள். விளைந்ததில் பாதி அவருக்கு, பாதி இவர்களுக்கு.

உலகச் சண்டைக் காலம் அது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். அந்தக் கோடையில் அத்தை வீட்டில் கேழ்வரகு போட்டிருந்தார்கள். பயிர் கதிர் வாங்குகிற நேரத்தில் கவலையின் தும்பி வெடித்துவிட்டது. கவலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாடு கட்டி இழுக்க, கிணற்றிலிருந்து இரும்புச் சால் தண்ணீரோடு மேலே வரும். சாலின் அடியில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் குழாய் தொங்கும். அதுதான் தும்பி. அது வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் விழும். தோல் காய்ந்து வெடித்தால் பாதித் தண்ணீர் திரும்பக் கிணற்றிலேயே ஒழுகிவிடும்.

தும்பி தைக்கிற வேடியப்பன் வந்து பார்த்தான்.

"புதுத் தோலுக்கு எங்க போறது நைனா? இருக்கிற தோலெல்லாம் பட்டாளத்துக்காரன் காலுக்குப் பூடுச்சி. இதுக்கே நல்லா எண்ணெய் காட்டு. ஊறிச்சின்னா அறுப்பு வரைக்கும் தாங்கும்."

"எண்ணெய் விக்கிற வெலையில தலைக்கே காட்ட முடியல. தும்பிக்கு எங்க காட்றது?" என்றார் துளசிங்கம் மாமா.

பயிர் போனால் வீட்டில் களிக்கு மாவில்லை. அது மட்டுமா? இந்த வெள்ளாமை தவறினால் நிலத்தை வேறு ஆளுக்கு விடுவதாக வேதாசலம் சொல்லியனுப்பியிருந்தார்.

அத்தைக்கு அப்போதுதான் அடுப்பு மூலை ஞாபகம் வந்தது. கல்யாணம், காதுகுத்து என்று பலகாரம் சுட்ட வீடுகளில் கடைசியாக நிற்கிற எண்ணெய் இருக்கிறதே, கறுத்து, அடியில் கசடு தங்கி, மறுபடி காய்ச்சினால் நுரை பொங்கித் தொண்டையைக் கமறும். அதைத் தின்னவும் ஆகாது, சாமி விளக்குக்கும் ஆகாது. கீழே கொட்டவும் யாருக்கும் மனசு வராது. எல்லார் வீட்டிலும் ஒரு சட்டியில் மூடிக் கிடக்கும். அத்தை ஒரு தூக்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். என் அம்மாவும் எங்கள் வீட்டுச் சட்டியை வழித்துக் கொடுத்தாளாம்.

சேர்ந்ததைப் பழந்துணியில் வடிகட்டி, இளஞ்சூடாக்கி, தும்பி முழுக்கத் தேய்த்து ஊறவைத்தாள். தோல் மெத்தென்று ஆகிவிட்டது. மறுநாள் தண்ணீர் கொஞ்சமும் ஒழுகாமல் வாய்க்கால் நிறைய ஓடியது. மாமாவுக்குப் பாட்டே வந்துவிட்டதாம்.

வழக்கம்போல் தும்பியைக் கிணற்று மேட்டிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு கை அகலம் காணோம். பக்கத்தில் கறுப்பு நாய் ஒன்று வாயை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"தும்பிக்கு எண்ணெய் தடவுன்னா, நாய்க்கு வடை சுட்டுப் போட்டிருக்கியே!" என்றார் மாமா.

"அது இன்னா கண்டுது? வாசனை அடிச்சா கடிக்காம இன்னா பண்ணும்?" என்று சொல்லிவிட்டாளே தவிர, அத்தைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேடியப்பன் சிரித்தபடியே பழந்தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தான். "சுட்ட எண்ணெய்யில வேப்பெண்ணெய் கலந்து தடவு தாயி. எந்த நாயும் கிட்ட வராது" என்றான்.

வருஷா வருஷம் வேப்பங்கொட்டை பொறுக்கிச் செக்கில் ஆட்டி வைக்கிறவள், எங்கள் சொந்தத்தில் கௌரியம்மாள் ஒருத்திதான். துளசிங்கம் மாமாவின் அண்ணன் பெண்சாதி. ஒரு காதுகுத்தில் தாம்பூலத்தட்டு முதலில் யார் கைக்குப் போனது என்பதில் ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சு நின்று போயிருந்தது. அடுத்த தெருவிலேயே இருந்துகொண்டு முகம் பார்ப்பதில்லை.

பயிரின் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை அவள் வீட்டுக்குப் போனாள்.

"இன்னா, வழி தப்பி வந்துட்டியா?" என்றாள் கௌரியம்மாள்.

"வேப்பெண்ணெய் வோணும்க்கா."

"யாருக்குச் சொறி?"

"தும்பிக்கு."

நாய் கடித்த கதையை அத்தை சொல்லச் சொல்ல, கௌரியம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய் ஒரு செம்பு எண்ணெய் கொண்டுவந்து தரையில் வைத்தாள். எண்ணெயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் பக்கத்தில் யாருமே கையில் தரமாட்டார்கள்.

"கையிலயே குடுக்கா" என்றாள் அத்தை. "நமக்குள்ள இல்லாத சண்டையா இனிமே புதுசா வரப்போவுது?"

"இந்த வாய்தானேடி உன்னைக் கெடுக்குது!" என்று கௌரியம்மாள் வெடித்துச் சிரித்தாள். செம்பை எடுத்து அத்தையின் கையிலேயே வைத்தாள். "இரு, என் வூட்லயும் ஒரு சட்டி கசடு கெடக்குது. யாரும் கேக்கல, நானும் குடுக்கல. எடுத்துகினு போ."

இரண்டையும் கலந்து தேய்த்ததில் கிணற்று மேடே நாறியது. மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு மாட்டை ஓட்டினார். கறுப்பு நாய் வந்து மோந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போயிற்று. தும்பி தாங்கியது.

அறுப்புக்கு முன்னால் வேதாசலம் வந்தார். ஒரு கதிரை ஒடித்து உள்ளங்கையில் கசக்கி, ஊதி, வாயில் போட்டு மென்றார். மாமாவிடம் ஏதோ பேசிவிட்டு வண்டியேறினார். அத்தை கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் ஓடி வந்தாள்.

"மாமா, இன்னா சொன்னாரு?"

"ஆடியில கடலைக்கொட்டை போடலாமான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்னே?"

"மணியம்மையைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

அத்தை கலயத்தை வரப்பில் வைத்துவிட்டு, கதிர் அறுத்தபின் எந்தப் பக்கத்திலிருந்து ஏர் ஓட்ட வேண்டும் என்று அங்கேயே கையை நீட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டாள்.