முறைத்தால் நிற்கும் தோள்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் சி.ஐ.டி. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். செக்கிங் டேபிளில் அவளுக்குப் பதினாறு வருஷம். தைத்து முடிந்த சட்டை கைக்கு வந்தால் காலர், பட்டன், பாக்கெட் ஓரம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். பார்த்ததையே இன்னும் இரண்டு முறை பார்ப்பாள். மூன்று முறை பார்க்காமல் தள்ளிவிட்டால் உள்ளுக்குள் என்னவோ சரியில்லாத மாதிரி இருக்கும் அவளுக்கு. குறை தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை எதிர்த்து வாதாட வந்த தையல்காரர் ஒருவர்கூட ஜெயித்துத் திரும்பியதில்லை.

தொழில் புத்தி வீடு வரைக்கும் கூடவே வந்தது. கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பத்து நிமிஷம் தாமதமானால் எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று விசாரணை நடக்கும். பாவம், மனிதர் வாசலிலேயே மாடி எண்ணைச் சொல்லிவிட்டு உள்ளே வரப் பழகிக்கொண்டார்.

மூத்த மகனுக்கு ஏழு வயதில் கண் சிமிட்டல் தொடங்கியது. பிறகு தோள் குலுங்கியது, தொண்டையில் கனைப்பு சேர்ந்தது. பள்ளியில் சேட்டை என்றார்கள். ஒரு டாக்டர் சொன்னதை நம்புகிறவளா அவள்? மூன்று பேரிடம் காட்டி, மூவரும் டூரெட் சிண்ட்ரோம் என்று ஒரே பெயரைச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டாள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, உடம்பு அவனைக் கேட்காமல் செய்கிறது. அதைப் புரிந்துகொண்டு அவனுக்காக ஆசிரியையிடம் சண்டையும் போட்டாள்.

அவளால் நம்ப முடியாமல் போனது சின்னவளை. ஒன்பது வயதுப் பெண், ஒரு வருஷமாக அண்ணனைப் போலவே தோளைக் குலுக்கினாள். நடுநடுவே ‘கீச்’ என்று ஒரு சத்தம். “அண்ணனைக் கிண்டல் பண்றியா?” என்று அம்மா முறைத்தால் சட்டென்று நின்றுவிடும். அங்கேதான் இவளுக்கு மூக்கில் வியர்த்தது.

“வியாதின்னா முறைச்சா நிக்குமாங்க?” என்று கணவரைக் கேட்டாள். “சட்டையில ஓட்டை இருந்தா, நான் உத்துப் பார்த்ததும் மூடிக்குமா? எல்லாம் நடிப்பு. அவனுக்குக் கிடைக்கிற கவனிப்பு தனக்கும் வேணும்னு பண்றா. போதாததுக்கு பாத்ரூமுக்குப் போனா அரை மணி நேரம் குழாயைத் திறந்து விட்டுட்டு விளையாட்டு.”

“சின்னப் பொண்ணு, விடும்மா.”

விடுவாளா? லீவு விட்டதும் சின்னவளைத் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பி, அந்த ஊரிலேயே பள்ளியில் சேர்த்துவிடுவது என்று முடிவு கட்டினாள். கேலி பண்ண ஆளில்லாவிட்டால் பெரியவன் நிம்மதியாக இருப்பான். அலமாரிக்கு மேலிருந்த பை கீழே இறங்கிப் பாதி நிரம்பியும் விட்டது. கல்யாணமான நாளிலிருந்து எதிர்த்துப் பேசாத கணவர் அன்றைக்கு வாயைத் திறந்தார். “ஆதாரம் இல்லாம என் பொண்ணை அனுப்ப விடமாட்டேன்.”

ஆதாரம் தானாகவே தேடி வந்தது. டூரெட் உள்ள பிள்ளைகளின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பெற்றோர் என்று குடும்பத்தையே வைத்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. நால்வரையும் வரச்சொன்னார்கள். இலவசமாக யாராவது எதையாவது செய்வார்களா? எச்சில் மாதிரியும் எடுப்பார்கள் என்றிருந்த சம்மதப் படிவத்தை மூன்று முறை படித்தாள், வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தாள்.

“எங்க எச்சிலை வாங்கி என்ன பண்ணப் போறீங்க?”

ஆராய்ச்சி செய்யும் டாக்டர் சின்ன வயசுக்காரி. சிரிக்காமல் பதில் சொன்னாள். “ஒரே வீட்டுல யார் யாருக்கு இது எந்த ரூபத்துல வருதுன்னு பார்க்கிறோம்மா. கேள்வி கேட்போம். அப்புறம் ஒவ்வொருத்தரையும் தனி ரூம்ல உட்கார வெச்சு அஞ்சு நிமிஷம் வீடியோ எடுப்போம்.”

தனி ரூம் என்றதும் சி.ஐ.டி.க்கு உச்சி குளிர்ந்தது. பார்க்க ஆளில்லாத இடத்தில் நடிப்பாளா? சும்மா உட்கார்ந்திருப்பாள், குட்டு வெளிப்பட்டுவிடும். உடனே கையெழுத்துப் போட்டாள். கேள்வித்தாளில் மட்டும் உஷாராக இருந்தாள். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் உங்களுக்கு மனம் அடங்குமா என்று ஒரு கேள்வி. வாயைப் பிடுங்கிக் கடைசியில் நம் தலையில் பழியைப் போடப் பார்க்கிறார்கள் என்று ‘இல்லை’யில் டிக் அடித்தாள்.

சின்னவளின் முறை முடிந்ததும் வீடியோவைக் காட்டச் சொன்னாள். டாக்டர் முதலில் பிள்ளையிடம் கேட்டாள். “அம்மா பார்க்கட்டும்,” என்றாள் சின்னவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

திரையில் சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்து கதவையே கவனித்தாள். டாக்டரின் காலடி ஓய்ந்ததும் தோள் குலுங்கியது. ஒன்று, இரண்டு இல்லை, விடாமல் குலுங்கியது. கழுத்து ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தது.

“கேமரா இருக்குன்னு அவளுக்குத் தெரியும்ல? அதுக்காகப் பண்றா,” என்றாள் இவள். “இன்னொரு தடவை போடுங்க.”

இரண்டாம் முறையும் அதையேதான் சொன்னாள். மூன்றாம் முறை பார்க்கும்போது கண்ணில் பட்டது. சத்தம் வரும்போதெல்லாம் பிள்ளை கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது, உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்தியது. காட்டிக்கொள்ள நினைக்கிறவள் எதற்கு வாயைப் பொத்த வேண்டும்?

“அப்ப நான் முறைச்சா நின்னுச்சே?”

“கொஞ்ச நேரம் அடக்க முடியும்மா, தும்மலை அடக்குற மாதிரி. நீங்க பார்க்குற வரைக்கும் அடக்கிட்டு, அப்புறம் தனியா எங்கேயாவது போய் விட்டிருப்பா.”

குழாய் ஞாபகம் வந்தது. தண்ணீரை வீணாக்குகிறாள் என்று கதவைத் தட்டித் திட்டியதும் ஞாபகம் வந்தது. உள்ளே அந்தச் சத்தம் வெளியே கேட்டுவிடாமல் இருக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வருஷம்.

“அடக்கினா அவளுக்கு எப்படி இருக்குமாம்?”

“கேட்டேன். உள்ளுக்குள்ள என்னவோ சரியில்லாத மாதிரி இருக்கும்னு சொன்னா.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பதினாறு வருஷமாக அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. கேள்வித்தாளைத் திருப்பிக் கேட்டாள். ‘இல்லை’யை அடித்து ‘ஆமாம்’ என்று மாற்றி, பக்கத்தில் எழுதினாள்: மூணு தடவை.

வெளியே பெஞ்சில் அப்பாவும் பெரியவனும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் கோடியில் சின்னவள் தனியாக இருந்தாள். அம்மா வருவதைப் பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது, தோள் கல்லானது, முகம் சிவந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “எப்பம்மா பெரியம்மா வீட்டுக்குப் போகணும்?”

“போக வேண்டாம்.”

அதற்குப் பிறகும் பிள்ளை அப்படியே விறைத்துக்கொண்டு இருந்தது. அம்மா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள் அல்லவா.

அம்மா மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னல் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு மதில்தான். தோளோடு தோள் மெல்ல இடித்தது. பிறகு பலமாக இடித்தது. ‘கீச்’ என்றது. இன்னொரு ‘கீச்’.

மதிலில் செங்கல் வரிசையை எண்ண ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை எண்ணும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.