சோத்துக்கைப் பக்கம்

மலாயா சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டு, காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே ஒரு சாமான் புத்தகம் இருந்தது. லண்டனிலிருந்து தபாலில் வந்தது. படத்தைப் பார்த்து, பாரம் என்ற படிவத்தில் எழுதி அனுப்பினால் கப்பலில் சாமான் வரும். ஆங்கிலம் படித்தவன் என்பதால் எல்லோருக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

கடைசிப் பக்கங்களில், வாங்கியவர்களின் கடிதங்கள் அச்சாகியிருக்கும். அவற்றைத் தமிழில் சொல்வேன். பிஜித் தீவுக்காரர் ஒருவர் தன் கடிகாரத்தைப் புகழ்ந்திருந்தார். "பிஜித் தம்பிக்கு இன்னும் ஓடுதாம்லா" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். முகம் தெரியாதவர்கள் எங்களுக்கு உறவாகிவிட்டார்கள். இன்று என் பேத்தி கைப்பேசியில் செருப்பு வாங்குமுன் யார் யாரோ எழுதியதைப் படிக்கிறாள். எனக்கு அது புதிதல்ல.

எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிவிட்டது. அடி உயர்த்திய பூட்ஸ் புத்தகத்தில் இருந்தது. அதைப் போட்டுத் தன் மகன் பள்ளிக்கு நடக்கிறான் என்று இலங்கைத் தாய் ஒருத்தி எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை அக்கா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். சுதந்திர ஊர்வலத்தில் மகள் பள்ளியோடு நடக்கவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

எந்தக் கால் என்று பாரம் கேட்டது. தினமும் பார்க்கும் பெண்; ஆனாலும் நான் கவனித்ததில்லை. அவள் கைலியைப் பாதம்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா அடுப்படியில் இருந்தார்.

"எந்தக் கால்மா?"

"சோத்துக்கைப் பக்கம், அண்ணே."

வலது என்று எழுதினேன்.

பெட்டி வந்த அன்று தெருவே கூடியது. அக்கா பூட்ஸை மகளின் இடது காலில் நுழைக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கின. மகளின் இடக்கையில் பாதி தின்ற வடை. சோறும் அந்தக் கையால்தான். அடித்தும் மாறாத பிள்ளை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"என்ன தம்பி, கால் மாறி வந்திருக்கு?"

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான், அக்கா."

"நான் சரியாத்தானே சொன்னேன், அண்ணே" என்றாள் அந்தப் பெண். நான் அவளைப் பார்க்கவில்லை.

"அப்போ அந்த இலங்கைக்காரம்மா எழுதுனது?"

"அதெல்லாம் அவனே எழுதிக்கிறது."

மாற்றிக் கேட்டு எழுதச் சொன்னார். எழுதியதாகச் சொன்னேன். எழுதவில்லை. பதிலோடு நான் நிரப்பிய பாரமும் வந்துவிடுமோ என்று பயம்.

ஊர்வலத்தன்று அவள் வாசலில் உட்கார்ந்து கொடி ஆட்டினாள், இடக்கையால். அக்கா சாகும்வரை அந்த இலங்கைத் தாயைப் பொய்க்காரி என்றே திட்டினார். நான் அவர் வீட்டிலேயே தேநீர் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.