முன்னாள் கவர்னரின் தொலைபேசி

ஒஸ்லோவில் பதவி போன மனிதர்கள் உடனே கூட்டத்தில் கரைந்துவிடுகிறார்கள். புருசெத்துக்குப் போகும் நிலக்கீழ் ரயிலில் ஒருநாள், நேற்றுவரை தொலைக்காட்சியில் பார்த்த மந்திரி ஒருவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். எங்களூர் உடம்பு எனக்கு. தானாக எழுந்து இடம் கொடுத்தேன். நான் இறங்கப்போகிறேன் என நினைத்து அவர் ஒதுங்கி வழிவிட்டார். அவருடைய மனம் கோணக்கூடாதென்று அடுத்த தரிப்பில் இறங்கிப் பனிக்குள் நின்றேன்.

இலங்கையில் சண்டை மறுபடி தொடங்கிய மாரிக்காலம் அது. நானும் ஊர்க்காரி மலரும் நகர நடுவிலுள்ள ஹோட்டலொன்றில் அறைகள் துப்புரவாக்கினோம். எங்கள் மாடிக்கு அமெரிக்க மாநிலமொன்றின் முன்னாள் கவர்னர் வந்து தங்கினார். மரண தண்டனைக்கு எதிரான கூட்டத்தில் பேச வந்தவர். சாப்பாட்டு அறையில் கிடந்த பத்திரிகையில் அவர் கதை இருந்தது: சின்ன ஊர் வக்கீல், அரச வழக்கறிஞர், பிறகு கவர்னர். தண்டனை நிறைவேறும் வேளைகளில், சிறையோடு திறந்திருக்கும் தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருப்பாராம். அவர் ஒரு சொல் சொன்னால் எல்லாம் நின்றுவிடும். வருடக்கணக்காக அவர் சொல்லவில்லை. பதவி முடியும் தறுவாயில், மிஞ்சியிருந்த கைதிகள் எல்லோருக்கும் உயிரைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாசித்துச் சொல்லச் சொல்ல, மலர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டாள். அவளுடைய தம்பியைக் கொழும்பில் யாரோ வெள்ளை வான் வண்டியொன்றில் கடத்திப்போயிருந்தார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

"அண்ணை, அந்தாளிட்டை ஒருக்காக் கதையுங்கோ. கொழும்புக்கு ஒரு கோல் அடிச்சாலே காணும்."

"அவருக்குப் பதவி போயிட்டுது மலர்."

"போனால் என்ன? எங்கடை பழைய எம்.பி.யும் தோத்துப்போய்ச் சாரத்தோடை வீட்டிலை இருந்தவர்தானே. அவர் சொல்லித்தானே உங்களை ஆமி முகாமிலை இருந்து விட்டவங்கள்?"

அது உண்மை. அம்மா ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு அந்த வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறார். எங்களூரில் பதவி போனாலும் மனிதர்மேல் அதன் வாசம் நிற்கும்.

மறுநாள் பின்னேரமே இருண்டுவிட்டது. தமிழ்க் கடையில் வாங்கிய பழச்சீப்பைத் துவாய்கள் அடுக்கித் தள்ளும் வண்டிலில் வைத்துக்கொண்டு அவர் கதவைத் தட்டினோம். நெடிய கிழவர். ஹோட்டல்காரரின் உபசாரம் என நினைத்து, நன்றி சொல்லிப் பழத்தை வாங்கினார். மலருக்கு இங்கிலீசு விளங்காது; நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் இப்போது யாருமில்லை," என்றார். "என் சொல் எங்கும் போகாது."

ஆனால் அவர் கை தன்பாட்டில் மேசைக்குப் போனது. இலக்கம் எதையும் அழுத்தாமல் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். பழகிய எதையோ கேட்கிறவர்போலத் தலையைச் சற்றே சரித்தார்.

"அந்த வேளைகளில், மறுமுனையில், சிறையில் ஒருவர் மூச்சுவிடுவது கேட்கும்," என்றார் மெல்ல. "நான் ஏதும் சொல்வேனா என்று அவர் காத்திருப்பார்."

"அண்ணை, ஆராம் கதைக்கினம்?"

மலர் பொறுக்கமாட்டாமல் கையுறையைக் கழற்றிவிட்டு, ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவர் தடுக்கவில்லை.

"தம்பி... அக்கா கதைக்கிறன். சாப்பிட்டனியோ?"

கவர்னர் கண்களை மூடிக்கொண்டார். கதவு சாத்திவிடாதபடி ஒரு காலை வெளியே வைத்து, மறுகாலோடு அறைக்குள் நின்றேன். இலக்கம் அழுத்தாத நோர்வேத் தொலைபேசியின் நீண்ட ஒற்றை ஒலி எனக்கும் கேட்டது. அந்த ஒலிக்குள் எங்கேயோ ஒரு மூச்சு இருக்குமென்று, என் மூச்சை அடக்கிக்கொண்டேன்.